“இன்னும் வடக்கே தள்ளி”: திசைச்சொல் நம் எண்ணத்தை வடிவமைக்கிறதா?

#1 மேலத்தெருக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மூன்று மாதங்களுக்கு முன்பு என் அம்மா சென்னைக்கு வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். வந்த மறுநாளே சமையலறை அலமாரியிலிருந்து புளி டப்பாவை எடுக்கச் சொன்னார். நான் கைவைத்த இடத்தில் அது இல்லை. “அங்க இல்லடா, இன்னும் வடக்க தள்ளி” என்றார். தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டடி அகலமுள்ள ஓர் அலமாரித் தட்டில் வடக்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி சிரித்துக்கொண்டே வந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் வடக்கு தெரியாது, டப்பா கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

ஊரில் இருந்தவரை நானும் இப்படித்தான் பேசியிருக்கிறேன். பந்தியில் உட்காரும்போது “கொஞ்சம் கிழக்க தள்ளி உக்காரு” என்பதும், திண்ணையில் படுத்திருப்பவரிடம் “மேக்க புரண்டு படுங்க மாமா” என்பதும் எங்களுக்குச் சாதாரணப் பேச்சு. வலது, இடது என்னும் சொற்களை நாங்கள் கைக்கு மட்டுமே வைத்திருந்தோம்; அவற்றையும் சோற்றாங்கை, பீச்சாங்கை என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் “இடப்புறம் திரும்பு” என்று கத்தியபோதுதான் என் உடம்புக்கு இரண்டு பக்கங்கள் இருப்பது எனக்கு உறைத்தது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இருபது ஆண்டு நகர வாழ்க்கையில் நான் இழந்தது சில சொற்களை மட்டுமா, அல்லது அந்தச் சொற்களோடு சேர்த்து ஓர் உணர்வையுமா என்பதே என் கேள்வி. அம்மா எந்த அறையில் நின்றாலும் கிழக்கு எது என்று அறிந்தே நிற்கிறார். அந்த அறிவை அவருக்குக் கொடுத்தது அவர் பேசும் பேச்சா? அல்லது அந்த அறிவு முன்பே இருந்ததால்தான் பேச்சு அப்படி அமைந்ததா?

#2 சொல்லாய்வு

உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் பேச்சை ஆராய்வதற்கென்றே ஒருவர் உங்கள் மாவட்டத்துக்கு வந்து போயிருக்கிறார் என்று சொன்னால் வியப்பீர்கள். நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சன் தலைமையில் இயங்கிய ஒரு குழு, 1990களில் உலகின் பல மொழிகளில் இடத்தைக் குறிக்கும் பேச்சை ஒரே வகைச் சோதனைகளால் ஒப்பிட்டது. அந்தக் குழுவைச் சேர்ந்த எரிக் பெடர்சன் மதுரை வட்டாரத்துத் தமிழர்களிடம் செய்த ஆய்வின் முடிவுகள் 1995இல் வெளிவந்தன.

சோதனை மிக எளிமையானது. இருவரை நடுவே ஒரு மறைப்பு வைத்து உட்கார வைப்பார்கள். இருவரிடமும் ஒரே படத்தொகுப்பு இருக்கும். ஒரு படத்தில் மனிதன் மரத்துக்கு ஒருபுறமும் இன்னொன்றில் மறுபுறமும் நிற்பான். ஒருவர் ஒரு படத்தை எடுத்து வாயால் விவரிக்க, மற்றவர் அதற்கு இணையானதைத் தன் தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டும். நகரத்துத் தமிழர்கள் பெரும்பாலும் “மரத்துக்கு வலப்பக்கம்” என்று சொன்னார்கள். சிற்றூர்க்காரர்கள் “மரத்துக்கு வடக்கே” என்றார்கள். கையில் இருப்பதோ ஓர் அட்டைப் படம், அதற்கும் வடக்கு இருந்தது.

அடுத்த பகுதியில்தான் உங்கள் கேள்விக்கான விடை கொஞ்சம் இருக்கிறது. ஒரு மேசையில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு, ஆளை நேர் எதிர்ப்புறமாகத் திருப்பி, வேறொரு மேசையில் அதே வரிசையை மறுபடி அடுக்கச் சொல்வார்கள். வலம் இடமாக நினைவில் வைத்தவர், முன்பு வலக்கைப் பக்கம் பார்த்து நின்ற விலங்கை இப்போதும் வலக்கைப் பக்கம் பார்க்க வைப்பார். திசையாக நினைவில் வைத்தவருக்கு அது வடக்கே போகும் விலங்கு. அவர் திரும்பி நின்றாலும் அது வடக்கேதான் போக வேண்டும். இங்கே வாய்திறந்து பேச வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் பேச்சில் யார் எந்த வழக்கத்தைக் கொண்டிருந்தார்களோ, அடுக்கும்போதும் பெரும்பாலும் அதையே பின்பற்றினார்கள்.

இதன் உச்சத்தைக் காண ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குப் போக வேண்டும். ஹோப்வேல் பகுதியில் கூகு யிமிதிர் என்றொரு பழங்குடி மொழி பேசப்படுகிறது. 1770இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் பழுதாகி அந்தக் கரையில் ஒதுங்கியபோது அந்த மக்களிடம் கேட்டெழுதிய சொல்தான் ‘கங்காரு’. அம்மொழியில் வலமும் இடமும் கைகளின் பெயர்கள் மட்டுமே. மற்ற எல்லாவற்றுக்கும் திசைதான். அங்கே ஒரு முதியவர், தம் இளமையில் படகு கவிழ்ந்து பல மைல் நீந்திக் கரையேறிய கதையைச் சொல்ல, ஜான் ஹாவிலண்ட் என்னும் ஆய்வாளர் 1980இல் அதைப் படம்பிடித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து லெவின்சனிடமும் அவர் அதே கதையைச் சொன்னார். முதல் முறை அவர் மேற்கு நோக்கி உட்கார்ந்திருந்ததால் படகு கவிழ்ந்ததைக் காட்டக் கையை முன்னோக்கி உருட்டினார். இரண்டாம் முறை வடக்கு நோக்கி உட்கார்ந்திருந்ததால் கையை வலமிருந்து இடமாக உருட்டினார். இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகவே புரண்டது. (நீந்திக் கரைசேர்ந்தவர்களைப் பார்த்து மகிழாமல், போன படகுக்காகப் பாதிரியார் கோபித்துக்கொண்டார் என்பதும் அக்கதையில் வரும்.)

#3 ஐயப்பாடு

சொல்லாய்வு ஐயா எழுதியவற்றை ரசித்துப் படித்தேன். ஆனால் இந்தத் துறையில் ரசனைக்குரிய கதைகள் பல, பின்னால் ஆராய்ந்தபோது கரைந்துபோயிருக்கின்றன என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

மொழி எண்ணத்தை வடிவமைக்கிறது என்னும் இந்தக் கருத்தோடு சேர்த்து எப்போதும் சொல்லப்படும் பெயர் பெஞ்சமின் லீ வோர்ஃப். அவர் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராகப் பணியாற்றியவர். மொழியியல் அவருக்கு ஓய்வு நேர வேலை. பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே கவனமாக நடப்பவர்கள், ‘காலி’ என்று எழுதிய பீப்பாய்களின் அருகே நின்று சிகரெட் பிடிப்பதைக் கண்டு, ‘காலி’ என்னும் சொல்லே அவர்களை ஏமாற்றுகிறது என்றார். உண்மையில் காலிப் பீப்பாயில் தங்கியிருக்கும் ஆவிதான் அதிக ஆபத்தானது. எடுத்துக்காட்டு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆவியை யாரும் மறந்துவிடக்கூடும்; அதற்கு ஒரு சொல்லைக் குற்றவாளியாக்கத் தேவையில்லை. அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மொழியில் நாம் அறிந்த பொருளில் காலத்தைக் குறிக்கும் சொற்களே இல்லை என்றும் அவர் எழுதினார். 1983இல் எக்கெஹார்ட் மலோட்கி அம்மொழியின் காலச் சொற்களைத் திரட்டி அறுநூறு பக்கங்களுக்கு மேல் ஒரு நூலே வெளியிட்டுவிட்டார். எஸ்கிமோக்களிடம் பனிக்கு ஏராளமான சொற்கள் உண்டு என்னும் கதையும் இதுதான்: 1911இல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் நான்கு வேர்ச்சொற்களைச் சொன்னார், பத்திரிகைகள் அவற்றை நூறாக்கின.

இனித் திசைக்கு வருகிறேன். மதுரை நகரத்தவரும் சிற்றூர்க்காரரும் பேசுவது ஒரே தமிழ். இலக்கணம் ஒன்று, அகராதி ஒன்று. ‘வடக்கு’ என்ற சொல்லும் ‘வலது’ என்ற சொல்லும் இருவருக்குமே தெரியும். மொழிதான் எண்ணத்தை வடிவமைக்கிறது என்றால் இருவரும் ஒரே மாதிரி அடுக்கியிருக்க வேண்டுமே! வேறுபாடு மொழியில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது. வயலில் நிற்பவனுக்குச் சூரியன் தெரிகிறது. அடுக்ககத்தில் இருப்பவனுக்கு எதிர்வீட்டுச் சுவர் தெரிகிறது.

இதைச் சோதித்தும் காட்டியிருக்கிறார்கள். 2002இல் பெக்கி லி, லைலா கிளைட்மன் ஆகிய இருவரும் அமெரிக்க மாணவர்களை அதே மேசைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். சாளரத் திரையை இறக்குவது, ஏற்றுவது, வெளியே அழைத்துப்போவது, மேசையில் ஓர் அடையாளப் பொருளை வைப்பது என்று சூழலை மாற்ற மாற்ற, ஆங்கிலமே பேசும் அந்த மாணவர்களின் விடைகளும் மாறின. மொழி மாறவில்லை, அறைதான் மாறியது.

#4 பத்திர எழுத்தர்

நான் முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுபவன். மொழியியல் படித்தவன் அல்லன். என் தொழிலில் திசை இல்லாமல் ஒரு வரியும் நகராது என்பதால் எழுதுகிறேன்.

கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதும் முறையைப் பார்த்திருப்பீர்கள்: “வண்டிப்பாதைக்குத் தெற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, இன்னாருடைய புஞ்சைக்கு வடக்கு, இன்னாருடைய தோட்டத்துக்கு மேற்கு, இந்நான்கெல்லைக்கு உட்பட்ட கிழமேல் அடி இவ்வளவு, தென்வடல் அடி இவ்வளவு.” இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த முறை அன்று. சோழர் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் “கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்ன நிலத்துக்கு வடக்கும்” என்று இதே அச்சில்தான் வருகிறது. அக்காலத்தில் பெண்யானையை நடத்திச் சென்று எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டார்கள். இக்காலத்தில் நில அளவர் சங்கிலி பிடித்தார், இப்போது கருவி வைக்கிறார். வாசகம் மட்டும் மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஒரு பட்டதாரிப் பையன் தட்டச்சுக்குச் சேர்ந்தான். கெட்டிக்காரன், நகரத்தில் வளர்ந்தவன். ஒரு பாட்டியின் நிலத்துக்கு அவன் அடித்த விவரத்தை நான் சரிபார்க்காமலே படித்துக் காட்டினேன், பிழை என்னுடையதுதான். “வாய்க்காலுக்கு மேற்கு” என்று வந்ததும் எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். “நான் வாய்க்காலுக்குக் கிழக்க இருக்கிறவ. என்னைய எதுக்கு அக்கரையில தூக்கி வைக்கிறீக?” என்றார். சாளரம் இல்லாத, குழல்விளக்கு எரியும் அறை அது. அவர் கை நீண்ட பக்கம் சரியான மேற்கு.

பையனைக் கேட்டேன். நிலத்தின் நடுவில் தான் நிற்பதாக நினைத்து, “வாய்க்கால் மேற்கே இருக்கிறது, எனவே மேற்கு” என்று அடித்திருக்கிறான். இந்த வாசகத்துக்கு நிலத்தில் நிற்கக் கூடாது. வாய்க்காலில் போய் நின்று நிலத்தைப் பார்க்க வேண்டும், அடுத்த வரிக்கு வண்டிப்பாதையில் போய் நிற்க வேண்டும். நான்கு இடத்தில் நின்று ஒரு நிலத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம் அந்தப் பாட்டிக்கு இயல்பாக இருந்தது. அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் ஆனது. அதற்கு முன் அவன் அடித்த இன்னொரு பத்திரத்தில் கிழமேலும் தென்வடலும் இடம் மாறியிருந்ததைப் பதிவான பிறகுதான் பார்த்தோம். பிழைத்திருத்தல் பத்திரம் என் செலவில் போட்டுக் கொடுத்தேன்.

அடுக்ககப் பத்திரங்களிலும் நான்கெல்லை வருகிறது, ஆனால் அது கட்டடம் நிற்கும் முழு மனைக்குரியது. வாங்குபவருக்குக் கிடைப்பது அதில் ஒரு பிரிபடாத பாகம். அவர் கேட்பதெல்லாம் எத்தனையாவது தளம், கார் நிறுத்த இடம் உண்டா என்பதுதான்.

#5 சோழகக்காற்று

யாழ்ப்பாணத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. பத்திர எழுத்தர் ஐயாவின் பாட்டியைப் போலத்தான் எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வாயில் திசையைவிடக் காற்றின் பெயரே அதிகம் வரும். வாடை என்றால் வடக்கு, சோழகம் என்றால் தெற்கு, கொண்டல் என்றால் கிழக்கு, கச்சான் என்றால் மேற்கு. அப்பா வாசலுக்கு வந்து ஒரு நொடி நிற்பார். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று பார்த்த பிறகுதான் பேசத் தொடங்குவார். ஐயப்பாடு அவர்கள் சொல்வதுபோல் அவருக்கு அதை உணர்த்தியது காற்றுத்தான், சொல் இல்லை. ஆனால் எனக்குக் கன்னத்தைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தது அவர் சொன்ன சொல்தான். “இது கச்சான்” என்று அவர் சொல்லாதிருந்தால் எனக்கு அது வெறும் காற்று.

#6 ஆலப்புழைவாசி

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேரளத்தில் வாழும் தமிழன் நான். மொழி எண்ணத்தைக் கட்டிப்போடுகிறது என்று நினைப்பவர்கள் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து கிழக்கைப் பார்க்க வேண்டும்.

தமிழில் கிழக்கு என்பது ‘கீழ்’ என்பதிலிருந்தும் மேற்கு என்பது ‘மேல்’ என்பதிலிருந்தும் பிறந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடலை நோக்கித் தாழும் நிலத்தில் பிறந்த சொற்கள் இவை. மலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்தால் நிலம் தலைகீழ். மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆனால் மலையாளத்திலும் கிழக்கு, ‘கிழக்கு’தான்! மேற்கை மட்டும் அவர்கள் ‘படிஞ்ஞாறு’ என்கிறார்கள், அதாவது ஞாயிறு படும் திசை. 1856இல் கால்டுவெல் இதைச் சுட்டிக்காட்டி, மலை தலைக்கு மேல் நிற்கும் திசையைக் ‘கீழே’ என்று அழைப்பவர்களின் முன்னோர் மலைக்கு அப்பால் இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்.

மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கிக் குட்டநாட்டு வயல்களை மூழ்கடிக்கும் வெள்ளத்துக்கு இங்கே ‘கிழக்கன் வெள்ளம்’ என்று பெயர். சொல்லின் வேரைப் பார்த்தால் ‘கீழேயிருந்து வரும் வெள்ளம்’. ஆனால் தண்ணீர் மேலிருந்து வருகிறது என்பதில் எந்தக் குட்டநாட்டுக்காரருக்கும் குழப்பம் கிடையாது. கிழக்கன் வெள்ளம் வருகிறது என்றதும் சாமான்களைப் பரண்மேல் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். சொல்லின் வேர் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. வடமொழியில் தட்சிணம் என்பது தெற்கும் ஆகும், வலமும் ஆகும். கிழக்கு நோக்கி நிற்பவனின் உடம்பிலிருந்து அந்தச் சொல் பிறந்தது. நாம் நிலத்தின் சரிவிலிருந்து எடுத்தோம், அவர்கள் உடம்பிலிருந்து எடுத்தார்கள். அதனால் இருவரும் வேறுவேறு தெற்குக்கா போனார்கள்?

#7 சொல்லாய்வு

ஆலப்புழைவாசி அவர்களே, இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். சொல்லின் பிறப்பு எண்ணத்தை ஆள்வதில்லை. அன்றாடம் எதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது என்பது வேறு செய்தி. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

#8 ஏர்க்கால்

பெரியவர்களின் உரையாடலில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கிராமத்தார் எல்லாவற்றையும் திசையில்தான் பார்ப்பார்கள் என்பதுபோல் பேச்சு போகிறது. என் அப்பா உழவர். எங்கள் வீட்டில் ஏரில் பூட்டும் மாடுகளுக்கு வலத்து மாடு, இடத்து மாடு என்றுதான் பெயர். வலத்தில் பழகிய மாட்டை இடத்தில் பூட்டினால் அது இழுக்காது, மிரளும். இங்கே ‘வடக்கு மாடு’ என்று சொல்ல முடியுமா? சாலின் முனையில் ஏர் திரும்பியதும் வடக்கு மாடு தெற்கு மாடாகிவிடும்!

ஆனால் அதே அப்பா, மாட்டை அவிழ்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்ததும் “தூக்குவாளிய கிழக்க நகத்தி வை” என்பார். கோயிலில் வலம் வரும்போது அவருக்கு வலம் உண்டு. வாசலில் கட்டில் போடும்போது திசை மட்டுமே உண்டு. தன்னோடு கூடவே திரும்புகிற பொருளுக்கு ஒரு பேச்சு, நின்ற இடத்தில் நிற்கிற பொருளுக்கு இன்னொரு பேச்சு. இதில் மொழி எங்கே அவரைக் கட்டிப்போட்டது? வேலைக்கு ஏற்றதை அவர்தான் எடுத்துக்கொண்டார்.

#9 மட்டுறுத்துநர்

ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டி வைக்கலாமா என்பது பற்றிய ஏழு பின்னூட்டங்கள் வாஸ்து இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே மொழியைப் பற்றி மட்டும் தொடரவும்.

#10 சொல்லாய்வு

ஏர்க்கால் எழுதியதை இந்த இழையின் மிக நல்ல பின்னூட்டம் என்பேன். பல ஆய்வுக் கட்டுரைகள் நீட்டி முழக்குவதை இரண்டு மாடுகளை வைத்துச் சொல்லிவிட்டார். கூகு யிமிதிர் பேசுபவருக்கு இந்தத் தேர்வு கிடையாது, தமிழருக்கு உண்டு. அதனால்தான் தமிழ் இந்த விவாதத்தில் சுவையான சான்றாகிறது. ஒரே மொழிக்குள் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஆகவே ‘தமிழ்மொழி நம்மை இப்படி எண்ண வைக்கிறது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டில், ஒரு தெருவில் எந்த வழக்கம் ஓயாமல் புழங்குகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஐயப்பாடு அவர்களின் மறுப்பில் பாதியை ஏற்கிறேன். நகரம், சிற்றூர் என்னும் ஒப்பீட்டில் பேச்சோடு சேர்ந்து தெரு, வீடு, தொழில், பள்ளிப்படிப்பு எல்லாம் மாறுகின்றன. காரணத்தைப் பிரித்தெடுப்பது கடினம். ஆனால் சூழல்தான் எல்லாம் என்றால் சிற்றூர்க்காரர்கள் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மெக்சிகோவின் மலைப்பகுதியில் செல்தால் பேசும் மாயா உழவர்கள், மேசைமேல் இருக்கும் பாட்டிலைக்கூட ‘ஏற்றப் பக்கம், இறக்கப் பக்கம்’ என்று நிலச்சரிவை வைத்துச் சொல்கிறார்கள். அங்கே தெற்கு உயரம், வடக்கு தாழ்வு. நம் மேற்கையும் கிழக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். பெலிஸ் நாட்டில் மோப்பான் பேசுபவர்களும் மாயா இனத்தவர், உழவர், சிற்றூரில் வாழ்பவர்தாம். ஆனால் அவர்கள் இப்படித் திசையையும் பயன்படுத்துவதில்லை, வலம் இடத்தையும் பயன்படுத்துவதில்லை. பொருளின் முகம், முதுகு, விலா என்று அந்தப் பொருளை வைத்தே பேசுகிறார்கள். வயலும் வெயிலும் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை.

லி, கிளைட்மன் ஆய்வுக்கு லெவின்சன் குழு அதே 2002இல் மறுமொழி எழுதியது. மேசைமேல் அடையாளப் பொருளை வைத்துவிட்டால், பார்ப்பவர் திசையை விட்டுவிட்டு ‘அந்தப் பொருளுக்குப் பக்கத்தில்’ என்று எளிதாக நினைவில் வைத்துக்கொள்வார். அது மூன்றாவது வகை நினைவு என்றார்கள். இந்தச் சண்டை இன்னும் முழுதாக முடியவில்லை என்பதே நேர்மையான விடை.

எனக்கு அதைவிட வியப்பானது 2006இல் வெளிவந்த ஒரு முடிவு. பொருள் ஒளித்துவைத்த இடத்தைத் தேடச் சொல்லும் சோதனையில், மனிதக் குரங்குகளும் நான்கு வயது ஜெர்மானியக் குழந்தைகளும் சுற்றியுள்ள இடத்தை வைத்தே நினைவு வைத்துக்கொள்ளும் சாய்வைக் காட்டின. தன் உடம்பின் வலம் இடத்தை வைத்து அல்ல. அப்படியானால் உங்கள் அம்மா புதிதாக ஏதும் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது, மேலத்தெருக்காரரே. நீங்கள்தான் கற்றுக்கொண்டீர்கள், அந்த உடற்பயிற்சி ஆசிரியரிடம்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் கேப் யார்க்கின் போர்ம்புராவ் என்னும் ஊரில் கூக் தாயோர் என்னும் பழங்குடி மொழி பேசுபவர்களிடம், ஒரு மனிதன் முதுமையடைவது போன்ற படங்களைக் கொடுத்துக் கால வரிசைப்படி அடுக்கச் சொன்னார்கள் ஆய்வாளர்கள் லெரா போரோடிட்ஸ்கியும் ஆலிஸ் கேபியும். 2010இல் வெளியான முடிவு இது: தெற்கு நோக்கி உட்கார்ந்தவர்கள் இடமிருந்து வலமாகவும், வடக்கு நோக்கி உட்கார்ந்தவர்கள் வலமிருந்து இடமாகவும் அடுக்கினார்கள். எப்படி உட்கார்ந்தாலும் காலம் கிழக்கிலிருந்து மேற்கே போனது.

#11 ஐயப்பாடு

போரோடிட்ஸ்கியின் பெயரைக் கண்டதும் ஒன்றை நினைவூட்டத் தோன்றுகிறது. சீனர்கள் காலத்தை மேலிருந்து கீழாக எண்ணுகிறார்கள் என்று அவர் 2001இல் வெளியிட்ட ஆய்வை 2007இல் இரண்டு தனித்தனிக் குழுவினர் மறுபடி செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. போர்ம்புராவ் முடிவும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எச்சரிக்கை வேண்டும் என்கிறேன்.

மேலத்தெருக்காரர் வீட்டில் மேசையும் இருக்கிறது, அம்மாவும் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் ஆய்வகம் இல்லை. அவர் ஏன் செய்து பார்க்கக் கூடாது? ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சூரியன் தெரியாத அறையில் அம்மாவும் தடுமாறுவார்.

#12 மேலத்தெருக்காரன்

செய்து பார்த்தேன். முடிவு யாருக்குச் சாதகம் என்று எனக்கே தெரியவில்லை.

பொம்மை விலங்குகளுக்கு எங்கே போவது? சாப்பாட்டு மேசையில் ஒரு தக்காளி, ஒரு வெங்காயம், ஓர் உருளைக்கிழங்கை வரிசையாக வைத்தேன். அம்மாவைப் பார்க்கச் சொல்லி, பிறகு நேர் பின்னால் இருக்கும் சமையல் மேடைக்குத் திருப்பி, அதே மாதிரி வைக்கச் சொன்னேன். “என்னடா விளையாட்டு இது” என்று கேட்டுக்கொண்டே, கொஞ்சமும் தயங்காமல், தக்காளியைப் பால்கனிப் பக்கமாக வைத்தார். மேசையிலும் தக்காளி பால்கனிப் பக்கந்தான் இருந்தது. அப்போது அது அவருக்கு வலக்கைப் பக்கம், இப்போது இடக்கைப் பக்கம். வரிசையை மாற்றி ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் அப்படியே. என் மனைவி ஐந்து முறையும் வலம் இடமாக வைத்தார். நானும் அப்படியே வைத்தேன் என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடு எழுதுகிறேன்.

எப்படி நினைவு வைத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். “தக்காளி கிழக்க, வெங்காயம் நடுவுல, கிழங்கு மேக்க. இதுல என்ன நினைவு வைக்க இருக்கு” என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். எங்கள் பால்கனி இருப்பது கிழக்கே இல்லை. அது தெற்கு.

மூன்று மாதங்களாக அம்மா கால்வட்டம் பிசகிய ஓர் உலகத்தில், ஆனால் கொஞ்சமும் முன்னுக்குப் பின் முரணில்லாமல் வாழ்ந்திருக்கிறார். எங்கள் கட்டடத்துக்கு மூன்று பக்கமும் வேறு கட்டடங்கள். வெயில் நேராக எங்கும் விழுவதில்லை. வந்த அன்று பால்கனி வழியாக வந்த வெளிச்சத்தைக் காலை வெயில் என்று எடுத்துக்கொண்டு அதைக் கிழக்காக்கிவிட்டார். புளி டப்பா இருந்த ‘வடக்கு’ உண்மையில் கிழக்கு.

#13 ஐயப்பாடு

தடுமாறுவார் என்று நான் சொன்னது பலித்தது. ஆனால் அவர் தடுமாறிய விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சூரியன் இல்லாத இடத்தில் திசையையே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு திசையைத் தானே நட்டுக்கொண்டு, அதன்படியே எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார். கிழக்கு இல்லாமல் அவரால் ஓர் அறையில் இருக்க முடியவில்லை போலும். பிழையைச் சொன்ன பிறகு மறுபடி சோதித்தீர்களா?

#14 மேலத்தெருக்காரன்

இல்லை, முடியவில்லை. திசைகாட்டியைக் காட்டியதும் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: “அப்ப இத்தன நாளா நான் தெக்க பாத்தா வெளக்கேத்திக்கிட்டு இருந்தேன்?” பூசை அலமாரியில் விளக்கின் முகத்தைக் கிழக்கென்று நினைத்துப் பால்கனி நோக்கி வைத்திருந்தார். உடனே எழுந்து விளக்கைத் திருப்பினார், அலமாரி ஒத்துவரவில்லை. இன்று காலையிலிருந்து அலமாரியையே நகர்த்தச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை ஆணி அடித்துச் சுவரில் பொருத்தியிருக்கிறோம்.

தக்காளியை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு முறை வைக்கச் சொன்னேன். கையில் வாங்கிக்கொண்டு மேடைமுன் நின்றார். ஒரு பக்கம் கொண்டுபோனார், நிறுத்தினார், மறுபக்கம் கொண்டுபோனார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“முதல்ல வெளக்க சரி பண்ணு. அப்புறம் வந்து கேளு.”